விளைச்சல் பொய்த்தால் யார் தலையில் விழும்?

பள்ளியில் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகும், மாலை நேரங்களில் பாடம் கேட்டு வரும் பிள்ளைகளை நான் திருப்பி அனுப்புவதில்லை. சென்ற பருவத்தில் அப்படி வந்த ஒரு மாணவியின் கையில், வரலாற்றுத் தேர்வுக்கும் வணிகவியல் அடிப்படைத் தேர்வுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட கலைச்சொல் பட்டியல் ஒன்று இருந்தது. நிலமானிய முறை, வஸல், மேனர், பண்ணையடிமை, கில்டு என்று ஐரோப்பாவில் தொடங்கி, ஷோகன், டைம்யோ, சாமுராய், கோகு என்று ஜப்பானுக்குப் போய், முதல், பொறுப்பு, கூட்டாண்மை, முன்பேர வணிகம் என்று முடிந்த அந்தத் தாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம் அச்சிடப்பட்டிருந்தது. "மூணுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லீங்களே சார், எப்படி ஞாபகம் வெச்சுக்கிறது?" என்று கேட்டாள்.

சம்பந்தம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. நிலத்திலும் கடலிலும் பணத்தைப் போட்டவரும் உழைப்பைப் போட்டவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு கேள்வி எழும்: விளைச்சல் பொய்த்தாலோ விலை விழுந்தாலோ நட்டம் யார் தலையில்? அந்தத் தாளில் இருந்த சொற்களில் பெரும்பாலானவை இக்கேள்விக்கு வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு காலங்களில் எழுந்த விடைகள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மனப்பாடத்துக்குத் தேவையே குறைந்துவிடும்.

கோத்தகிரியில் வளரும் பிள்ளைக்கு இக்கேள்வி புதிதும் அன்று. எங்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பறித்த இலையைச் சாக்கில் கட்டிச் சாலையோரக் கொட்டகைக்குக் கொண்டுபோனால், கொக்கியில் தொங்கும் தராசில் ஏஜென்ட் நிறுத்து, மழை நாளாக இருந்தால் ஈரத்துக்கென்று ஒரு கழிவைப் போட்டு, மீதி எடையைச் சிட்டையில் எழுதித் தருவார். அந்தச் சிட்டையில் எடை இருக்கும், விலை இருக்காது. மாதம் முழுவதும் இலையைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்குக் கொடுத்தோம் என்பதை மாதம் முடிந்த பிறகே தெரிந்துகொள்கிறோம். குன்னூரில் வாராவாரம் நடக்கும் ஏலத்தில் தேயிலைத் தூள் விற்ற சராசரி விலையை எடுத்து, அதில் 65 பங்கு இலை கொடுத்த விவசாயிக்கும் 35 பங்கு ஆலைக்கும் என்று தேயிலை வாரியம் வகுத்துள்ள கணக்கின்படி பச்சைத் தேயிலையின் குறைந்தபட்ச விலை அறிவிக்கப்படுகிறது. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஏலத்தில் பத்து ரூபாய் இறங்குவது எங்கள் சிட்டையில் என்ன ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இது அடிப்படையில் வாரம்தான். நிலச்சொந்தக்காரரும் உழுபவரும் விளைந்ததை இத்தனைக்கு இத்தனை என்று பகிர்ந்துகொள்வது வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை அல்லது இத்தனை ரூபாய் என்று முன்கூட்டியே பேசிவிடுவது குத்தகை. வாரத்தில் நட்டம் இருவருக்கும் பிரியும். குத்தகையில் முழுவதும் உழுபவர் தலையில் விழும், நல்ல விளைச்சலின் மிச்சமும் முழுவதும் அவருக்கே சேரும். கூலிக்கு உழுவது மூன்றாவது வகை: கூலியாளுக்கு விளைச்சலில் நட்டமும் இல்லை, மிச்சமும் இல்லை. பட்டியலைப் பிரிக்க இந்த மூன்று வகையும் போதும் என்று அந்த மாணவியிடம் சொல்லிவிட்டு, மேனரிலிருந்து தொடங்கினேன்.

இடைக்கால ஐரோப்பாவில் மேனர் என்பது ஒரு பிரபுவின் பண்ணையும் அதைச் சார்ந்த குடிகளும் சேர்ந்த அலகு. நிலத்தில் ஒரு பகுதி பிரபுவின் நேரடிப் பண்ணை. மீதி பண்ணையடிமைகளின் கையில் சிறு துண்டுகளாக இருந்தது. பண்ணையடிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனியே விற்பது பொதுவாக வழக்கமில்லை, ஆனால் அவன் அந்த நிலத்தை விட்டுப் போகவும் முடியாது. ஏழு நாளில் சில நாட்கள் பிரபுவின் பண்ணையில் கூலியின்றி உழைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் கூடுதல் நாட்கள். தன் தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைத்துக் கட்டணம் கொடுக்க வேண்டும். தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. குடும்பத் தலைவன் இறந்தால் வீட்டில் இருக்கும் நல்ல மாடு ஒன்று பிரபுவுக்குப் போகும். இந்தப் பட்டியலை நம் கேள்வியோடு படித்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு என்பது வாரம். விளையாவிட்டால் தேவாலயத்துக்கும் கிடைக்காது. உழைப்பு நாட்கள் என்பவை குத்தகை. பண்ணையடிமையின் சொந்தத் துண்டில் ஒரு கதிரும் தேறாத ஆண்டிலும் அந்த நாட்கள் குறையா. மேனரின் முழு அமைப்பும் இத்தகைய பாத்தியங்களின் கலவையே. "பிரபுவின் நிலமும் மாளிகையும்" என்ற ஒற்றை வரி விளக்கத்தில் இவ்வளவும் காணாமல் போய்விடுகிறது.

குடிகளின் துண்டுகள் ஒரே இடத்தில் இல்லாமல் ஊரின் பெரிய வயல்களில் ஆங்காங்கே நீளப் பட்டைகளாகச் சிதறிக் கிடந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதிலேயே நேரம் வீணாகும் இந்த ஏற்பாட்டை ஏன் நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களிடையே பழைய விவாதம். பொருளியல் வரலாற்றாசிரியர் டெய்ட்ரே மெக்லாஸ்கி, இது ஒரு வகைக் காப்பீடு என்று வாதிட்டார்: தாழ்ந்த வயலில் நீர் தேங்கினாலும் மேட்டு வயல் தப்பும், ஓரிடத்தில் நோய் வந்தாலும் இன்னோரிடம் பிழைக்கும். சமவெளியில் வாழ்பவருக்கு இந்த வாதத்தை விளக்க வேண்டியிருக்கலாம். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் பள்ளத்தில் இருக்கும் தோட்டம் கருகிப்போக, கூப்பிடு தூரத்தில் சரிவில் இருக்கும் தோட்டம் பச்சையாக நிற்பதைப் பார்த்தவருக்கு விளக்கத் தேவையில்லை. இங்கேயும் பள்ளத்தில் ஒரு துண்டு, மேட்டில் ஒரு துண்டு என்று வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு.

1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோய், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாமல் அழித்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. உழுவதற்கு ஆள் குறைந்ததும் பேரத்தின் எடை மாறியது. இங்கிலாந்தில் 1351-இல் கூலியை நோய்க்கு முந்தைய அளவுக்குக் கட்டிப்போடச் சட்டம் இயற்றினார்கள். அது நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1381-இல் உழவர் கலகமே வெடித்தது. காலப்போக்கில் பிரபுக்கள் உழைப்பு நாட்களை விட்டுக்கொடுத்துவிட்டு, பண்ணையைப் பணக் குத்தகைக்கு விட்டார்கள். நட்டத்தின் சுமை உழவனுக்கு மாறியது என்றாலும், பின்வந்த காலத்தில் விலைவாசி ஏறியபோது நிலையான பணக் குத்தகையை வாங்கிக்கொண்டிருந்த பிரபுவே இளைத்துப்போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வணிகவியலில் "நிலையான வருமானத்துக்கு விலைவாசி எதிரி" என்று ஒரு பாடம் வருகிறதே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வஸல், மானிய நிலம், விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். அரசர் ஒரு பிரபுவுக்கு நிலம் தருகிறார்; அதைப் பெற்று விசுவாசப் பிரமாணம் செய்பவர் வஸல். அவர் பதிலுக்குப் போர்ச் சேவை தருகிறார். ஆண்டுக்கு 40 நாட்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. இதுவும் நிலையான குத்தகைதான். பணத்துக்குப் பதில் வாளும் குதிரையும். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் இப்படிப் பங்கிட முடியாதாகையால், 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியம், 1086-இல் டூம்ஸ்டே கணக்கெடுப்பை நடத்தினார். ஊர் ஊராக நிலம், ஏர், ஆலை, குடிகள் என்று எழுதி, எட்வர்ட் மன்னர் காலத்தில் அது என்ன பெறும், இப்போது என்ன பெறும் என்று மதிப்பும் எழுதினார்கள். நடப்பு ஆண்டுக்கும் முந்தைய காலத்துக்கும் எண்களை அருகருகே வைக்கும் வழக்கம் இருப்புநிலைக் குறிப்பில் இன்றும் உண்டு.

ஜப்பானில் இதே வேலையை ஐந்து நூற்றாண்டுகள் கழித்து ஆட்சியாளர் டொயொட்டொமி ஹிதெயோஷி செய்தார். அதற்கு முன் அங்கே ஷோஎன் என்ற பண்ணைகள் இருந்தன. ஷோஎனில் ஒரே நிலத்தின் விளைச்சல்மீது தலைநகரில் வாழும் பிரபு, கோயில், உள்ளூர் மேலாளர், உழவர் என்று பலருக்கு அடுக்கடுக்காகப் பாத்தியம் இருந்தது. ஷிகி எனப்பட்ட அந்தப் பாத்தியத்தைப் பிரிக்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். நிலம் கைமாறாமலே வருமானம் மட்டும் கைமாறும் இந்த ஏற்பாட்டைக் காணும்போது எனக்கு நிறுவனப் பங்குகளின் நினைவு வராமல் போவதில்லை. 1192-இல் மினமோட்டோ யொரிட்டொமோ ஷோகன், அதாவது படைத்தலைவராக நாட்டை ஆள்பவர், என்ற பட்டம் பெற்ற காலத்தில், ஜிட்டோ என்ற நில மேற்பார்வையாளர்களாகத் தம் வீரர்களை இந்தப் பண்ணைகளில் நியமித்து, விளைச்சலில் அவர்களுக்கும் ஒரு பங்கு வாங்கிக் கொடுத்திருந்தார். மேற்பார்வைக்கு வந்தவர் பண்ணையையே விழுங்குவது உலகெங்கும் நடப்பதுதான், ஜப்பானிலும் நடந்தது.

ஹிதெயோஷி 1582 முதல் நடத்திய நில அளவை இந்த அடுக்குகளை உடைத்தது. ஒரு நிலத்துக்கு ஒரு உழவர் என்று பதிந்து, நாடு முழுவதற்கும் ஒரே முகத்தல் அளவையை வைத்து, வயல்களை மேல், நடு, கீழ் என்று தரம் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை கோகு நெல்லரிசிக்குப் பெறும் என்று எழுதினார்கள். கோகு என்பது ஏறத்தாழ 180 லிட்டர். அரிசியில் 150 கிலோ அளவுக்கு வரும். ஒரு மனிதருக்கு ஓராண்டு உணவு என்பது வழக்கமான விளக்கம். பின்னர், எடோ நகரிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில், 10,000 கோகு அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள நிலத்தை வைத்திருந்தவரே டைம்யோ எனப்பட்டார். காகா பகுதியை ஆண்ட மயேதா குடும்பத்தின் மதிப்பு பத்து லட்சம் கோகுவைத் தாண்டியது.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இங்கே இருக்கிறது. 10,000 கோகு டைம்யோவுக்கு ஆண்டுக்கு 10,000 கோகு வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண், நிலம் விளையக்கூடியது என்று மதிப்பிடப்பட்ட அளவு மட்டுமே. அதில் நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காடு வரை வரியாக வரும். அந்த வரியிலிருந்து சாமுராய்களின் சம்பளம், கோட்டைச் செலவு, 1635-இல் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாட்டின்படி ஓராண்டு விட்டு ஓராண்டு எடோ நகரில் பரிவாரங்களோடு தங்கும் செலவு எல்லாம் போக மிஞ்சுவதே அவருக்கு. விற்றுமுதல் வேறு, வருவாய் வேறு, நிகர இலாபம் வேறு என்பதை விளக்க டைம்யோவைவிட வசதியான ஆள் இல்லை. எடோ பயணத்தை விளைச்சல் குறைந்த ஆண்டிலும் தவிர்க்க முடியாது என்பதால் அது நிலையான செலவு. பல டைம்யோக்களைக் கடனில் தள்ளியதில் அந்தச் செலவுக்குப் பெரிய பங்கு உண்டு.

உழவரிடம் வரி வாங்குவதில் அங்கே இரண்டு முறைகள் இருந்தன. கெமி முறையில், அறுவடைக்கு முன் அதிகாரிகள் ஒவ்வோர் ஆண்டும் வயலுக்கு வந்து, மாதிரிக்கு ஒரு சிறு சதுரத்தை அறுத்துப் பார்த்து அந்த ஆண்டின் வரியை முடிவு செய்வார்கள். ஜோமென் முறையில், கடந்த ஆண்டுகளின் சராசரியை வைத்துச் சில ஆண்டுகளுக்கு ஒரே விகிதம் என்று கட்டிவிடுவார்கள். பெரும் சேதம் வந்தால் மட்டும் தள்ளுபடி. முதலாவது வாரம், இரண்டாவது குத்தகை என்று மாணவியே சொல்லிவிட்டாள். எது உழவருக்கு நல்லது என்று கேட்டதற்கு, "வாரம்தான் சார், நட்டத்துல பங்கு எடுத்துக்கிறாங்கல்ல" என்றாள். அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அளந்து பார்க்க வரும் அதிகாரிக்குச் சோறு போட வேண்டும், தங்க இடம் தர வேண்டும், கையையும் நனைக்க வேண்டும். அவர் வந்து போகும்வரை அறுவடையை நிறுத்தி வைக்கவும் வேண்டும். ஜோமென் முறையில் அந்தத் தொல்லை இல்லை. கூடுதலாக உழைத்து விளைவித்தது உழவருக்கே மிஞ்சும். நட்டத்தைப் பகிர்ந்துகொள்பவர் கணக்கைப் பார்க்கவும் உரிமை கேட்பார். வங்கியில் தொழிற்கடன் வாங்கியவருக்கும், பங்குதாரரைச் சேர்த்துக்கொண்டவருக்கும் இந்த வேறுபாடு உடனே விளங்கும்.

வரியும் சம்பளமும் அரிசியில் இருந்ததால் ஜப்பானில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. சாமுராய்க்கு இத்தனை கோகு என்று சம்பளம். அவர் உண்டது போக மீதியை விற்றுத்தான் எண்ணெயும் துணியும் வாங்க வேண்டும். ஆகவே அரிசி விலை இறங்கினால் ஆளும் வர்க்கமே பட்டினி நிலைக்கு வந்துவிடும். 1720-களில் அதுதான் நடந்தது. விலையைத் தூக்கி நிறுத்தப் பல வழிகளில் முயன்ற ஷோகன் யோஷிமுனேவுக்கு அரிசி ஷோகன் என்று பட்டப்பெயரே விழுந்தது. ஒசாகா நகரின் டோஜிமா பகுதியில் வணிகர்கள் ஏற்கெனவே நடத்திவந்த அரிசிப் பேரத்துக்கு 1730-இல் அவர் அனுமதி வழங்கியதும் அந்த முயற்சியின் ஒரு பகுதியே. அங்கே இரண்டு வகை வணிகம் நடந்தது. ஒன்று, டைம்யோக்களின் கிடங்குகளில் இருக்கும் அரிசிக்கான சீட்டைக் கைமாற்றுவது. மற்றொன்று, அரிசியே கைமாறாமல், குறிப்பிட்ட பருவ முடிவில் தீர்க்கும் கணக்காக மட்டும் பேரேட்டில் வாங்கி விற்பது. இந்த இரண்டாவது வகையின் காரணமாகத்தான் உலகின் முதல் ஒழுங்கமைந்த முன்பேரச் சந்தை என்று டோஜிமாவைக் குறிப்பிடுகிறார்கள்.

முன்பேரம் என்றால் சூதாட்டம் என்று எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். சூதாடுபவர்களும் அங்கே இருப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்துக் கைக்கு வரப்போகும் அரிசிக்கு இன்றே ஒரு விலையை உறுதி செய்துகொள்ளும் கிடங்குக்காரருக்கு, விலை விழும் நட்டத்தை வேறொருவர் தலைக்கு மாற்றிவிட்ட நிம்மதி கிடைக்கிறது. அந்த வேறொருவர் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் நட்டத்தை மனமுவந்து வாங்கிக்கொள்கிறார். மாதம் முடிந்த பிறகே தன் இலையின் விலை தெரியவரும் கோத்தகிரி விவசாயிக்கு இந்த வசதி இல்லை. முன்பேரத்தால் விலையை உயர்த்திவிடவும் முடியாது, இறக்கிவிடவும் முடியாது. 1732-இல் மேற்கு ஜப்பானில் பூச்சித் தாக்குதலால் பஞ்சம் வந்து விலை எகிறியபோது, சந்தை இருந்தும் மறு ஆண்டு எடோவில் மக்கள் அரிசி வணிகரின் வீட்டை அடித்து நொறுக்கினார்கள்.

சாமுராய்களின் சம்பள அரிசியை வாங்கி விற்றுக் கொடுத்த எடோ தரகர்கள், அடுத்த தவணைச் சம்பளத்தைப் பிணையாக வைத்துக் கடனும் கொடுத்தார்கள். கடன் மலையாகக் குவிந்ததும் 1789-இல் அரசு பழைய கடன்களை ரத்து செய்தது. அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முன்பே, 1297-இல், யொரிட்டொமோ நிறுவிய காமகுரா அரசு தன் வீரர்கள் விற்றும் அடகு வைத்தும் இழந்த நிலங்களைத் திருப்பித் தர ஆணையிட்டிருந்தது. அதன் பிறகு அந்த வீரர்களுக்குக் கடன் கொடுக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. கடன் தள்ளுபடியைப் பற்றி நம் ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் எழும் பேச்சில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது என்று நினைக்கிறேன், அதை இங்கே இழுக்கவில்லை. வாராக்கடன் என்ற சொல்லுக்கு எதிரே 1297 என்று எழுதிக்கொள்ளலாம்.

நிலத்திலிருந்து கடலுக்குப் போனால் இதே கேள்வியின் மிக அழகான விடை கொமெண்டா. ஜெனோவாவிலும் வெனிஸிலும் 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் பரவிய ஒப்பந்தம் இது. கரையில் இருக்கும் ஒருவர் முழு முதலையும் போடுவார்; இன்னொருவர் சரக்கோடு கப்பலேறுவார். திரும்பி வந்ததும் இலாபத்தில் நான்கில் மூன்று பங்கு முதல் போட்டவருக்கு, ஒரு பங்கு பயணம் செய்தவருக்கு. கப்பல் மூழ்கினாலோ சரக்கு நட்டத்துக்குப் போனாலோ முதல் போட்டவருக்கு முதல் போகும், மற்றவருக்கு உழைப்பு போகும். யாரும் யாரையும் அதற்கு மேல் துரத்த முடியாது. கையில் காசில்லாத இளைஞன் சில பயணங்களில் சேர்த்ததைக் கொண்டு தானே முதல் போடுபவனாக மாறவும் இதில் வழி இருந்தது. தொழில்முனைவோர் என்ற சொல்லுக்குப் பட்டியலில் இருந்த விளக்கத்தைவிட இந்த இளைஞனே நல்ல விளக்கம்.

நகரத்துக்குள் நடந்த கூட்டு வணிகத்தில் இந்த வரம்பு இல்லை. ஃப்ளோரன்ஸின் பெரிய குடும்ப நிறுவனங்களில் ஒரு கூட்டாளியின் கடனுக்கு எல்லாரும் தங்கள் வீடு வாசல்வரை பொறுப்பு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுக்கு வாரி வழங்கிய கடன் ஒரு காரணமாக, பெருஸ்ஸி நிறுவனம் 1343-இலும் பார்டி நிறுவனம் 1346-இலும் வீழ்ந்தன. 1397-இல் தொடங்கிய மெடிச்சி வங்கி ஒவ்வொரு கிளையையும் தனித்தனிக் கூட்டாண்மையாகவே அமைத்தது. 15-ஆம் நூற்றாண்டின் நடுவில், லண்டன் கிளையிடம் வாங்கிய ஒன்பது கம்பளிப் பொதிகள் சரியாகக் கட்டப்படவில்லை என்று ஒரு மிலான் வணிகர் ப்ரூஜ் கிளைமீது வழக்குத் தொடுத்தார்; லண்டன் கிளை வேறு நிறுவனம், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ப்ரூஜ் கிளை வாதிட்டு வென்றது. ஃப்ளோரன்ஸ் 1408-இலேயே, பதிவு செய்துகொண்டால் போட்ட முதல் அளவுக்கு மட்டும் பொறுப்பு என்று சட்டம் இயற்றியிருந்தது.

நம் நாட்டில் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி அமையும் நிறுவனத்தில் ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் முழுக் கடனுக்கும் பொறுப்பு. பார்டி குடும்பத்தின் நிலை. 2008-ஆம் ஆண்டின் சட்டம் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைக்கு வழி செய்தது. மலையில் விடுதியோ வண்டித் தொழிலோ நண்பர்கள் சேர்ந்து தொடங்கும்போது, ஐந்நூறு ரூபாய் முத்திரைத்தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாங்கள் எந்த நிலையில் நிற்கிறோம் என்றே அறியாமல் இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சோலி கண்டுபிடித்தார் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் வெனிஸ் வணிகர்கள் முன்பே கையாண்ட முறையை 1494-இல் அவர் அச்சில் விளக்கினார் என்பதே சரி. உரிமையாளர் போட்ட முதல் ஏன் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் வருகிறது என்று கேட்காத பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இல்லை. கப்பலில் போனவனின் கணக்குப் புத்தகத்தை மனத்தில் விரித்தால் சந்தேகம் தீரும்: கரையில் இருப்பவர் கொடுத்த பணம் அவன் திருப்பி ஒப்படைக்க வேண்டியது. தொழிலை உரிமையாளரிடமிருந்து தனி ஆளாக நிறுத்தினால், முதல் என்பது தொழில் அவருக்குத் தர வேண்டியதாகிவிடும்.

கைவினைஞர், வணிகர் சங்கமான கில்டுக்கும் அதன் ஜப்பானியத் தம்பியான ஸாவுக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியாள், கூலிக் கைவினைஞன், தலைமைக் கைவினைஞன் என்ற படிகளும், விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்தும் உரிமையும், இறந்தவரின் விதவைக்கு உதவும் பொதுப்பணமும் ஐரோப்பியக் கில்டில் இருந்தன. ஸா ஒரு கோயிலுக்கோ பிரபுவுக்கோ காணிக்கை கட்டி ஏகபோக உரிமை பெற்றது. விளக்கு எரிக்கும் எண்ணெயை விற்ற ஒயாமஸாகி ஊர் வணிகர்கள் இதற்குப் பெயர்பெற்றவர்கள். போர்ப்பிரபு ஓடா நொபுனாகா 1577-இல் தம் அஸுச்சி கோட்டையின் அடிவாரச் சந்தையில் ஸா உரிமைகள் செல்லா என்று அறிவித்தார். போட்டியை அடைத்துவைப்பதும் நட்டத்தைத் தவிர்க்கும் ஒரு வழி. அதன் விலையை வாங்குபவர் கொடுக்கிறார்.

மாணவி விடாமல் கேட்டது கூட்டுறவு ஆலையைப் பற்றி. அவள் வீட்டார் இலை கொடுப்பது அப்படிப்பட்ட ஆலைக்கு. நீலகிரியில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளுக்கென்று இண்ட்கோசர்வ் என்ற இணையம் 1965-இலிருந்து குன்னூரில் இயங்குகிறது. இதில் இலை கொடுப்பவரும் விவசாயி, ஆலையில் பங்கு வைத்திருப்பவரும் விவசாயி. 65 பங்கை வாங்கும் கையும், மீதி 35 பங்கில் உரிமை உள்ள கையும் ஒருவருடையவையே. ஆகவே ஆலை திறம்பட நடந்தால் இரண்டு பக்கமும் நன்மை. விறகுச் செலவும் மின்கட்டணமும் ஏறி ஆலை நட்டப்பட்டால் அதுவும் சுற்றி வந்து அவர் வீட்டுக் கதவையே தட்டும். சட்டப்படி உறுப்பினரின் பொறுப்பு பங்குத் தொகையோடு நின்றாலும், இலைப் பணம் தாமதமாகும்போது அவர் உண்மையில் ஆலைக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

பட்டியலில் கடைசியாக மிஞ்சியது ரோனின். தலைவனை இழந்த சாமுராய் என்ற விளக்கத்தில் வீரக்கதையின் வாசனை அடிக்கிறது. உண்மையில் அவர் சம்பளம் நின்றுபோன ஊழியர். எடோ அரசின் தொடக்க காலத்தில் ஒரு டைம்யோ வாரிசின்றி இறந்தால், மரணப் படுக்கையில் தத்தெடுப்பதை அரசு ஏற்காமல் அவர் ஆட்சிப்பகுதியைப் பறித்துக்கொள்ளும். அவரிடம் இருந்த சாமுராய்கள் அனைவரும் ஒரே நாளில் தெருவுக்கு வருவார்கள். அவர்களுக்கு யாரிடமும் எந்த நிலுவையும் கோர இடமில்லை. 1651-இல் ரோனின்கள் கூடி அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டுப் பிடிபட்ட பிறகே, மரணப் படுக்கைத் தத்தெடுப்பு மீதான தடை தளர்ந்தது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி நிறுவனம் கலைக்கப்படும்போது, தொழிலாளரின் கடைசி 24 மாத நிலுவைக்குப் பிணை பெற்ற கடன்காரரோடு சமமான இடம் உண்டு. கூட்டாண்மையில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒரு கூட்டாளியின் மரணத்தோடு நிறுவனமே கலையும். கம்பெனியோ பங்குதாரர் இறந்தாலும் தொடரும். நிரந்தரத் தொடர்ச்சி என்று வணிகவியல் தாளில் அச்சிட்டிருந்ததற்கு எதிரே 1651 என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

வீரமரபு, புஷிடோ (சாமுராய்களின் நெறி) என்று இன்னும் இரண்டு சொற்கள் இருந்தன. அவை நம் கேள்விக்குள் அடங்காதவை. தாளில் உள்ளபடியே படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.